65-ஐத் தாண்டாத ஆர்எக்ஸ் 100

என்னுடையது 1995 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். 2009-இல் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரியிடம் வாங்கினேன். அன்று முதல் தினமும் ஓடுகிறது. வீட்டிலிருந்து நான் கணக்கு எழுதும் லாரி பாடி பட்டறைக்கு ஏழு கிலோமீட்டர். மாதம் ஒருமுறை கொல்லிமலை. இவ்வளவு காலம் வைத்திருந்து ஓட்டிய அனுபவத்தை எழுத உட்கார்ந்தால், மைலேஜ், பிரேக், சீட் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு கோளாறுதான் முன்னால் வந்து நிற்கிறது. 2022-இல் வந்தது. சரியாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

அறிகுறி இதுதான். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங் நன்றாக நிற்கும். முதல், இரண்டாம், மூன்றாம் கியரில் ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. நான்காவது கியரில் 60 வரை போகும். அதற்கு மேல் முறுக்கினால் வண்டி அமுங்கிவிடும். 65-இல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல நிற்கும். முழுதாக முறுக்கினாலும் பாதி முறுக்கினாலும் ஒன்றுதான். சத்தமும் கூடாது, வேகமும் கூடாது. 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன் தரும் 98 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின் இது. அந்த 11-இல் பெரும்பகுதி மேல் ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மிச்சம் இருப்பது ஆர்எக்ஸ் அல்ல.

மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "போர் போயிருச்சுங்க தம்பி, வேற ஒண்ணுமில்லை" என்றார்கள். போர் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம்பினேன். சிலிண்டரை லேத்தில் கொடுத்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். கூடவே கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டையும் ஒரு நம்பர் பெரிதாக மாற்றினார்கள். 500 கிலோமீட்டர் பொறுமையாக ரன்னிங்-இன் ஓட்டிவிட்டு சேலம் ரோட்டில் முறுக்கினேன். மறுபடியும் 65. கம்ப்ரஷன் நன்றாக ஏறியிருந்தது, உதைக்கும்போதே காலில் தெரிந்தது. ஆனால் மேலே ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் உறைத்தது: போர் தேய்ந்த வண்டி கீழேயும் சோர்வாக இருக்கும், ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கும். என் வண்டி இரண்டையும் செய்யவே இல்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அதன்பிறகு நானே ஒரு நோட்டு போட்டேன். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுவது, அதே ரோட்டில் அதே ஆள் ஓட்டிப் பார்ப்பது, என்ன தெரிந்தது என்று எழுதுவது. பட்டறையில் போரும் ஜெட்டும் ஒன்றாக மாறியதால் எது என்ன செய்தது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் செலவில்லாதவை. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினேன், பிரேக் பிடிக்கவில்லை. கிளட்ச் வழுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறாது. இங்கே சத்தமே ஏறவில்லை, ஆகவே கிளட்ச் இல்லை. கரண்ட் கோளாறா என்று பார்க்க, அமுங்கும் விதத்தைக் கவனித்தேன். பிளக்குக்குத் தீப்பொறி தரும் சிடிஐ யூனிட்டோ காயிலோ சூட்டில் விட்டுக்கொடுத்தால் ஸ்விட்சை அணைத்துப் போடுவது போல வெட்டி வெட்டி வரும். என் வண்டி வெட்டவில்லை. ஈரத் துணியைப் போர்த்தினாற்போல மெதுவாக மந்தமானது. எரியும் கலவையில் அல்லது காற்றோட்டத்தில் கோளாறு இருந்தால்தான் இப்படி வரும்.

அடுத்தது சோக், அதாவது கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி. இதைப் பலர் செய்வதில்லை. வண்டி அமுங்கி நிற்கும் அதே இடத்தில், ஆக்சிலேட்டரை விடாமல், சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், அல்லது புகை வெளியே போக வழியில்லை. எனக்கு மோசமானது. முழு ஆக்சிலேட்டரில் ஓட்டிக்கொண்டே கிளட்ச் பிடித்து என்ஜினை அணைத்து, ஓரம் நிறுத்தி பிளக்கைக் கழற்றினேன். கரி பூசியிருந்தது. ஈரமாகவும் இருந்தது.

பழைய மெயின் ஜெட்டைத் திரும்பப் போட்டேன். கொஞ்சம் தெளிந்தது, ஆனால் 65 அப்படியே. பிறகு சைலன்சரின் பின்முனை போல்ட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் பேஃபிளை, அதாவது சத்தத்தைக் குறைக்கும் துளையிட்ட குழாயை, இழுத்தேன். வரவில்லை. பிளையரால் பிடித்துத் திருகித் திருகி இழுத்த பிறகுதான் வந்தது. வந்ததைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. துளைகளில் முக்கால்வாசி மூடியிருந்தன. குழாயின் மேல் தார் போல கெட்டிப்பட்ட கரி. இத்தனை மாதமாக இந்த வண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

ஏன் கீழே தெரியாமல் மேலே மட்டும் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரிந்த புகையை வெளியே தள்ள பிஸ்டனுக்குத் தனியாக ஒரு முழு ஓட்டம் உண்டு. இதில் அது கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது, புகை வெளியேறும் வாயான எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும். புகை வெளியே போகும் அதே நேரத்தில் புதுக் கலவை உள்ளே வரும். 7,500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 125 சுற்று, ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டு. அதில் ஒரு பங்கு நேரம்தான் போர்ட் திறந்திருக்கும். சைலன்சரின் உட்புற வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை உள்ளே தள்ளிவிடும். ஆகவே இந்த வண்டியில் சைலன்சரும் என்ஜினின் ஒரு பாகம்தான். அது அடைத்தாலும் 3,000 ஆர்பிஎம்மில் புகை மெதுவாகக் கசிந்து வெளியேற நேரம் கிடைக்கும். மேலே போகப் போக நேரம் கிடைக்காது. பழைய புகை சிலிண்டரிலேயே தங்கும், புதுக் கலவைக்கு இடம் இருக்காது. எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை.

பேஃபிளை வீட்டுக்குப் பின்னால் செங்கல் மேல் வைத்து ப்ளோ லாம்ப்பால் சுட்டேன். கரி பழுத்து உதிர்ந்தது. புகை நெடி கடுமையாக இருக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சிலர் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார்கள். அது இரும்புக்குச் சரி, அலுமினியத்தை அரித்துவிடும், கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. எக்ஸாஸ்ட் போர்ட்டின் உதட்டிலும் கரி கட்டியிருந்தது. பிஸ்டனை மேலே ஏற்றிப் போர்ட்டை மூடவைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டினேன். ஸ்க்ரூ டிரைவர் போட்டால் பிஸ்டனில் கோடு விழும். தயவுசெய்து போடாதீர்கள்.

மாட்டி ஓட்டினேன். 85 வரை தங்குதடையில்லாமல் ஏறியது.

இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டால் அடுத்த வருடம் இதே வேலை. ஆர்எக்ஸில் ஆட்டோலூப் பம்ப் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்து, எவ்வளவு முறுக்குகிறோமோ அதற்கேற்ப ஆயில் விடும். பம்ப் சக்கரத்தில் உள்ள குறி முளைக்கு நேராக நிற்க வேண்டும். என் வண்டியில் முளையைத் தாண்டி நின்றது, அதாவது எப்போதும் தேவைக்கு மேல் ஆயில். அது போதாதென்று, பம்ப் கைவிட்டால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடுமே என்ற பயத்தில் நான் பெட்ரோல் டேங்கிலும் லிட்டருக்கு 20 மி.லி. டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றிவந்தேன், பல வருடங்களாக. ஊருக்குள் மெதுவாகவே ஓடியதால் சைலன்சர் சூடாகிக் கரியை எரித்துத் தள்ளவும் வாய்ப்பில்லை. இந்த வண்டியின் மேல் எனக்கு இருந்த அக்கறைதான் அதன் மூச்சை அடைத்தது. கேபிளைக் குறிக்கு நேராக வைத்தேன், டேங்கில் ஊற்றுவதை நிறுத்தினேன். ஆயில் டேங்க் அளவை வாரம் ஒருமுறை பேனாவால் குறித்து, பம்ப் சரியாக இழுக்கிறதா என்று பார்க்கிறேன். பயத்துக்கு அதுதான் மருந்து.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து என்ஹெச் 44-இல் சேலம் போகும்போது வேறு விதமாக வந்தது. 80-இல் அரை நிமிடம் நன்றாகப் போய், பிறகு சோர்ந்தது. ஆக்சிலேட்டரை விட்டுப் பத்து நொடி போனால் மறுபடி நன்றாக இழுத்தது, அரை நிமிடத்தில் மறுபடி சோர்ந்தது. முன்னது இப்படி நேரம் பார்த்து வரவில்லை. சோக்கைப் பாதி இழுத்தேன். உயிர் வந்தது! அதே சோதனை, நேர் எதிரான விடை. உடனே வேகத்தைக் குறைத்துவிட்டேன், ஏனென்றால் பெட்ரோல் குறைவான கலவையில் முழு ஆக்சிலேட்டர் ஓட்டினால் பிஸ்டன் தலை சூடேறிப் பிடித்துக்கொள்ளும், ஓட்டையே விழும்.

டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்த்தேன், மாற்றமில்லை. பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன், சோர்வு போய்விட்டது. டேங்கில் ஆறு லிட்டர் இருக்கும்போதே! அப்படியென்றால் மெயின் வழியில் அடைப்பு. ஓரம் நிறுத்தி கார்பரேட்டர் குழாயைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் விட்டுப் பார்த்தேன். மெயினில் நூல் போல வந்தது, ரிசர்வில் தாராளமாக வந்தது. வீட்டுக்கு வந்து டேப்பைக் கழற்றினால் உள் சல்லடையில் துருப்பொடி. குழாயும் உள்ளே உப்பிப்போயிருந்தது. இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை உப்பவைக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இந்தக் கால வண்டிகளுக்கு அதற்கேற்ற ரப்பர் உண்டு. 1995-இல் வந்த ரப்பருக்கு அது தெரியாது. இந்த அடைப்பு முன்பே இருந்திருக்கலாம். சைலன்சர் அடைத்திருந்தபோது என்ஜின் அவ்வளவு பெட்ரோல் கேட்கவே இல்லை. மூச்சு திறந்ததும் பசி வந்தது, பற்றாக்குறை தெரிந்தது.

டேங்கைக் கழுவி, டேப் ரப்பரும் குழாயும் புதிதாகப் போட்டேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் பொடிந்திருந்தது, மாற்றினேன். கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வ் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இடுக்கு இல்லை.

கடைசியாக, முழு வேகம் பிடிப்பதற்கு முன் மேக்னெட் பக்க ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) காற்று வாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதற்கு அம்மாவின் பழைய பிபி மிஷின் உதவியது. எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பர் வைத்து மூடி, கார்பரேட்டர் இருக்கும் வாய்க்கு ஒரு அடைப்பான் செய்து அதில் பிபி பல்ப்பின் குழாயைச் செருகினேன். மிஷின் முள்ளை 300 வரை ஏற்றினால் அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. ஐந்து நிமிடம் பார்த்தேன். முள் அசையவில்லை. சீல் நன்றாக இருக்கிறது. முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே நுரைக்கிறது என்று பார்த்தாலே போதும். கையில் இது இருந்தால் என்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் நாம் கேள்வி கேட்கலாம்.

இப்போது வண்டி 90-ஐ எளிதாகத் தொடுகிறது. கோளாறு இருந்தபோது லிட்டருக்கு 27 கொடுத்தது, இப்போது 38. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 வளைவுகளையும் இரண்டாம், மூன்றாம் கியரிலேயே ஏறிவிடுகிறது. இறங்கும்போது மட்டும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே நீண்ட இறக்கம் இறங்கினால் பம்ப் கொடுக்கும் ஆயிலும் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச் பிடித்து ஒரு முறை முறுக்கிவிடுகிறேன்.

பிரேக் டிரம் இரண்டும் இன்றைய சாலைக்குப் போதாது, ஹெட்லைட்டும் அப்படித்தான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வருத்தம் தேவையில்லாமல் செய்த போரில்தான். இந்த வண்டியின் உற்பத்தி 1996-இல் நின்றது. ஒரிஜினல் சிலிண்டரை எத்தனை முறை பெரிதாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. அதில் ஒன்றை ஒரு கைப்பிடிக் கரிக்காகச் செலவழித்துவிட்டேன்.

போன மாதம் பேஃபிளைத் திரும்பக் கழற்றினேன். கையால் இழுத்தபோதே வந்தது. மெல்லிய பழுப்புப் படிவு, துளைகள் எல்லாம் திறந்திருந்தன. துணியால் துடைத்து மாட்டிவிட்டேன்.