ஐகாம் ஐசி-705: காதுக்கு இசைவான ஃபில்டர் அமைப்புகள்

ஐந்து வாட்டில் பேசுபவருக்கு எதிர்முனைக் குரலைச் சரியாகப் பிடிப்பதே பாதி வேலை. 2020-இல் வந்த ஐசி-705 என்ற கையில் எடுத்துச் செல்லும் அமெச்சூர் ரேடியோ கருவி தன் பேட்டரியில் அவ்வளவுதான் தரும், வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால் பத்து வாட். அதனால் மொட்டைமாடியிலும் ஏற்காட்டு மலையிலும் நான் அதிகம் தொட்டது ஃபில்டர் அமைப்புகளைத்தான்.

எஸ்எஸ்பி எனும் குரல் ஒலிபரப்பு முறைக்கு 3.0, 2.4, 1.8 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று ஃபில்டர் அகலங்கள் ஏற்கெனவே அமைந்து வருகின்றன. நெரிசலில் 1.8-க்குத் தாவத் தோன்றும். ஆனால் அதில் அழைப்புக்குறியின் (நிலையத்தின் அடையாள எழுத்துகள்) ‘எஸ்’ எது, ‘எஃப்’ எது என்று பிரித்தறிய முடியாது. அந்த வேறுபாடு குரலின் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. நான் மூன்றாவது ஃபில்டரை 2.1 ஆக மாற்றிவைத்திருக்கிறேன். அதற்கும் அடங்காத இரைச்சல் என்றால், ஃபில்டரின் இரு ஓரங்களையும் தனித்தனியே நகர்த்தும் ட்வின் பிபிடி-யால் அடிக்குரல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெட்டுகிறேன். குரல் மெலிகிறது, சொல் தெளிகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: 40 மீட்டர் அலைவரிசையில் முன்பெருக்கியை அணைத்துவிடுங்கள். நமக்கு அந்த அலைவரிசை 7.2 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு மேலே சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் பெரும் சக்தியுடன் முழங்குகின்றன. 25 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தக் கருவி ஆன்டெனாவில் வருவதை நேரடியாக எண்களாக்குகிறது. நல்ல நீளக் கம்பி கட்டிய மாலை நேரத்தில் திரையில் சிக்னல் அளவு மீறியதைக் காட்டும் ‘ஓவிஎஃப்’ எரிந்தால், எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. உள்வரும் சிக்னலின் பெருக்கமான ஆர்எஃப் கெயினை இறக்குங்கள்; சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் ஏறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இரைச்சல் அடங்கியபின் குரல் தானாக மேலெழும்.

இரைச்சல் குறைப்பைக் கடைசியாகத்தான் தொடுவேன். அளவு நாலைத் தாண்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. யாரோ ஆன்டெனா சரிபார்க்க விட்ட வெற்று அலை (கேரியர்) ‘கூ’ என்று இடையில் புகுந்தால் அந்த ஒற்றைச் சுருதியை மட்டும் வெட்டும் தானியங்கி நாட்ச் நொடியில் விழுங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

காலை நெட்டில் (பலர் ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் நேரம்) கலந்துகொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் குரல் சற்று விலகியிருந்தால் பெரிய டயலைத் திருப்பாதீர்கள், கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும் ஆர்ஐடி-யைத் திருப்புங்கள். டயலைத் திருப்பினால் உங்கள் ஒலிபரப்பும் நகரும். அடுத்தவர் உங்களைத் தொடர்ந்து நகர்வார். அரை மணி நேரத்தில் மொத்த நெட்டும் பக்கத்து நிலையத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கும்.

மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் போதும். 250-ஐப் போட்டி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். டயலின் வேகத்தைக் கால் பங்காக்கும் வசதியையும் சேர்த்துக்கொண்டால், மெல்லிய குறியைத் தாண்டிப் போய்விடாமல் அதன் மேலேயே நிற்க முடிகிறது. ஆன்டெனாவைக் கருவியோடு பொருத்தும் ட்யூனர் உள்ளே கிடையாது என்பதால் மலையேறும்போது அதைத் தனியாகச் சுமக்க வேண்டும், அல்லது அளவெடுத்து வெட்டிய டைபோல் ஆன்டெனாவைக் கொண்டுபோக வேண்டும். என் பையில் இருப்பது டைபோல்.