போஸ்ட்கிரஸ் கான்ஃபிக் ஃபைல்: # போட்ட வரியை எவ்வளவு நம்பலாம்?

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரின் வேகத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் பேச வந்தது அதை இன்ஸ்டால் செய்ததும் கூடவே வரும், அதன் செட்டிங்குகள் எழுதியிருக்கும் அந்த நீளமான கான்ஃபிக் ஃபைலைப் பற்றி மட்டும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான செட்டிங்குகள் # போட்டு, அதாவது வெறும் குறிப்பாக, டிஃபால்ட் மதிப்போடு (நாம் எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் எடுத்துக்கொள்வது) இருக்கின்றன. போர்ட் 5432, வொர்க்_மெம் (வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளுக்கான மெமரி) 4 எம்பி என்று பார்த்தவுடன் தெரியும், எதை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதும் அந்த வரியின் ஓரத்திலேயே இருக்கும். மறுபடி # போட்டால் மட்டும் பழைய மதிப்பு வந்துவிடாது, ரீலோடு செய்ய (சர்வரை ஃபைலை மறுபடி படிக்க வைக்க) வேண்டும் என்று ஃபைலின் ஆரம்பத்திலேயே எச்சரிக்கிறார்கள். இவ்வளவு அக்கறையாக எழுதிய கான்ஃபிக் ஃபைல் அபூர்வம்.

ஆனால் # போட்ட வரியை சர்வர் படிப்பதே இல்லை, சிக்கலே அங்கேதான். பாஸ்வேர்டை எந்த முறையில் மறைத்துச் சேமிப்பது என்று சொல்வது பாஸ்வேர்டு_என்கிரிப்ஷன்; பதிப்பு 13 ஃபைலில் அந்த வரி # போட்டு எம்டி5 என்ற பழைய முறையைக் காட்டும். 14-இல் டிஃபால்ட் ஸ்க்ராம்-ஷா-256 என்ற புது முறை ஆகிவிட்டது. பழைய ஃபைலை அப்படியே புது சர்வரில் போட்டால் ஃபைல் எம்டி5 என்று சொல்லும், சர்வர் ஸ்க்ராமில் ஓடும், யாராவது பாஸ்வேர்டை மாற்றிய அன்று ஸ்க்ராம் தெரியாத பழைய டிரைவர் (அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்) லாகின் ஆகாமல் நிற்கும், ஃபைலைத் திறந்து பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடவே படாது.

அப்புறம், மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள்) 100, மேக்ஸ்_வால்_சைஸ் (மாற்றங்களைப் பதியும் லாகின் அளவு) 1 ஜிபி எல்லாம் டிஃபால்ட்தான், ஆனாலும் # இல்லாமல் வருகின்றன. யாரோ யோசித்து வைத்த 100-ஆ, இன்ஸ்டாலில் தானாக வந்ததா என்று ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, உண்மையான மதிப்பை எங்கே பார்ப்பது? சர்வரையே கேட்க வேண்டும். பிஜி_செட்டிங்ஸ் என்ற வியூவில் (டேபிள் போலவே கேட்டுப் பார்க்கலாம்) இப்போதைய மதிப்பு, டிஃபால்ட், எந்த ஃபைலின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு வசதிக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

என் சிபாரிசு: மெயின் ஃபைலைத் தொடாதீர்கள். ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் இன்க்ளூட்_டிர் மூலம் தனி ஃபோல்டர் வைத்து, மாற்றியவற்றை மட்டும் காரணத்தோடு சின்ன ஃபைலில் எழுதுங்கள்; டெபியன் லினக்ஸின் பேக்கேஜில் இந்த வசதி ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். கடைசியாக வரும் மதிப்பே செல்லும். சர்வருக்குள்ளிருந்தே செட்டிங்கை மாற்றும் ஆல்டர் சிஸ்டம் கட்டளையில் வைத்தது மட்டும் இதையும் மீறிவிடும், கவனம்.

டெவலப்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: இந்த டிஃபால்ட்டுகள் எந்தப் பதிப்புக்கு உரியவை என்று ஃபைலின் தலையில் ஒரு வரி போடுங்கள்.