வேலூரிலிருந்து ஒரே நாளில் தீம் பார்க்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கோடை லீவு விட்டதும் வேலூரில் பாதி வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "ஒரு நாள் தீம் பார்க் கூட்டிட்டுப் போப்பா." போகலாம்தான். கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள்கிழமை காலை ஆபீஸ், கடை, காலேஜ் எல்லாம் அப்படியே காத்திருக்கும். அந்த ஒரு நாளுக்குள் எந்தப் பார்க் அடங்கும், எது அடங்காது என்பதைத்தான் இங்கே அலசப் போகிறேன்.

நம்ம ஊரிலிருந்து பார்த்தால் போட்டியில் இருப்பவை இவை. பெங்களூர் தாண்டி மைசூர் ரோட்டில் பிடதியில் இருக்கும் வொண்டர்லா. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த சென்னை வொண்டர்லா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, தண்டலத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கும் குவீன்ஸ்லேண்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம்.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "எங்கே ரைடு அதிகம்?" ஒருநாள் பயணத்துக்கு இந்தக் கேள்வியால் பயன் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்க் உள்ளே ஏழு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 420 நிமிஷம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். லாக்கரில் பையை வைத்து, உடை மாற்றி, சாயங்காலம் மறுபடி மாற்றிக் கிளம்ப இன்னொரு முக்கால் மணி. நடை, பாத்ரூம், "அம்மா தண்ணி" எல்லாம் சேர்த்து அரை மணி. மீதி 300 நிமிஷம். கூட்டமான நாளில் வரிசையோடு சேர்த்து ஒரு ரைடுக்கு 25 நிமிஷம் என்றால் மொத்தம் 12 ரைடு. சென்னை வொண்டர்லாவில் 43 ரைடு, பெங்களூரில் அறுபதுக்கும் மேல் என்று விளம்பரம் சொல்லும். நமக்குக் கிடைக்கப் போவது இரண்டிலும் அதே பன்னிரண்டுதான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தப் பன்னிரண்டில் நம்ம வீட்டு ஆட்கள் எத்தனையில் ஏற முடியும்? அதற்காக ரோட்டில் எத்தனை மணி நேரம் கொடுக்கிறோம்?

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது உயரக் கம்பு. வொண்டர்லா மாதிரி இடங்களில் பெரிய திகில் ரைடுகளில் பலவற்றுக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும். சிறுவர் டிக்கெட்டும் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். என் அக்கா மகளுக்கு இதில் நடந்ததைச் சொல்கிறேன். தடியான அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டு, கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கம்புக்கு அடியில் போய் நின்றாள். அங்கிருந்த பெண் சிரித்தபடியே, "ஷூவைக் கழட்டிட்டு நில்லும்மா பாப்பா" என்றார். கழற்றி நின்றால் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தாள். ஒன்றும் பேசாமல் ஷூவை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று முழுக்க அண்ணன்காரன் ஏறும் ரைடுகளுக்குக் கீழே நின்று அவனுடைய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை இவ்வளவு வாட வேண்டியிருக்காது. கோட்டைத் தொடாத பிள்ளை வீட்டில் இருந்தால், பார்க்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள்.

இனி ரோடு.

பெங்களூர் வொண்டர்லா 2005-இல் திறந்தது. தென்னிந்தியாவில் பெரிய ரைடு என்றால் ரொம்ப நாள் நமக்கு அதுதான். வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, அங்கே ஊருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூர் ரோடு, அப்புறம் பிடதி. எப்படிப் போனாலும் 230 கி.மீ.க்குக் குறையாது. வழியில் சாப்பாட்டோடு சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். ஆக, போக ஐந்து, வர ஐந்து. விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி, பத்துக்குப் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வந்தால் வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகும். வண்டி ஓட்டுபவர் பகல் முழுக்கச் சுழன்று, குளித்து, வெயிலில் நின்ற களைப்போடு கிருஷ்ணகிரி தாண்டி லாரிகளுக்கு நடுவில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பார். இதை நான் ஒருநாள் பயணமாக யாருக்கும் சொல்ல மாட்டேன். தனி டிரைவர் இருந்தாலும் சொல்ல மாட்டேன், அவருக்கும் அது பதினெட்டு மணி நேர வேலை.

ரயில் உதவுமா என்றால், போகும்போது மட்டும் உதவும். சென்னை–மைசூரு வந்தே பாரத் காட்பாடியில் நிற்கும், பத்து மணிக்கு மேல் பெங்களூரில் இறக்கிவிடும். ஸ்டேஷன் வாசலிலேயே மெட்ரோ. ஊதா வழித்தடத்தில் கடைசி நிறுத்தமான சல்லகட்டா வரை போய், அங்கிருந்து பிடதிக்கு பஸ். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பார்க் வாசலுக்குப் போகும்போது மதியம் ஆகிவிடும். திரும்பி வர அதே வந்தே பாரத்தும் கிடைக்காது, அது மதியமே பெங்களூரைத் தாண்டிப் போய்விடுகிறது. முதல் நாள் ராத்திரியே காட்பாடியில் பெங்களூர் மெயிலைப் பிடித்து விடியுமுன் பெங்களூரில் இறங்குவது வி.ஐ.டி. மாணவர்களுக்குச் சரிப்படும். காலேஜ் அடையாள அட்டையின் அசலைக் காட்டினால் வொண்டர்லாவில் டிக்கெட்டும் குறைவு. பாட்டியையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது.

பெங்களூருக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, மறைக்கக் கூடாது. மே மாதத்தில் நம்ம ஊரில் 40 டிகிரி தாண்டும்போது அங்கே நிழலில் நிற்க முடியும். வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இரண்டு நாள் லீவு போட்டு, முதல் நாள் ராத்திரியே போய்த் தங்க முடிந்தால் இன்றைக்கும் பிடதிதான் என் முதல் தேர்வு.

சென்னை வொண்டர்லா வந்ததும் நம்ம கணக்கு மாறிவிட்டது. சென்னை என்றதும் மதுரவாயல், கிண்டி நெரிசலை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். வேலூர்க்காரர்கள் சென்னைக்குள் கால் வைக்கவே தேவையில்லை. காஞ்சிபுரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வாலாஜாபாத், பழைய சீவரம் வழியாகச் செங்கல்பட்டு. அந்த ரோட்டில் நம்ம பாலாறு கூடவே வரும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டு திருப்போரூர் ரோட்டைப் பிடித்தால் முடிந்தது. மொத்தம் 140 கி.மீ. வாக்கில் வரும். டிபனோடு சேர்த்து மூன்றரை மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால் பார்க் திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருக்கலாம், ராத்திரி பத்துக்கெல்லாம் வீடு.

வாலாஜாபேட்டை முதல் காஞ்சிபுரம் வரை ஆறுவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்ததில் நாம் எல்லோரும் நொந்து போனவர்கள்தான். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போவதானால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மாறி மாறித்தான் போக வேண்டும். போகலாம், ஆனால் பார்க்கில் ஒரு மணி நேரம் குறையும்.

இங்கே பெரிய ஈர்ப்பு ஒரு ரோலர் கோஸ்டர். ஸ்விட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபிலார்டு கம்பெனி செய்தது. தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், நாம் கீழே காலைத் தொங்கவிட்டபடி சுழலுவோம். பதினைந்து வயதுப் பையன் வீட்டில் இருந்தால் வேறு எதுவும் பேச வேண்டாம், இதற்குத்தான் போக வேண்டும். பார்க் புதிது என்பதால் மரங்கள் இன்னும் வளர்ந்து நிழல் தரவில்லை. பிடதியோடு ஒப்பிட்டால் இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஏப்ரல், மே மாதத்தில் பகல் 12 முதல் 3 வரை தண்ணீரிலேயே இருந்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை கடலோரத்தில் மழை கொட்டும், மின்னல் வெட்டினால் ரைடை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் ஜனவரிக்குத் தள்ளிப்போடுவதே மேல்.

குவீன்ஸ்லேண்டைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நான் தைரியமாகச் சொல்வேன். வேலூரிலிருந்து சுமார் 110 கி.மீ., ரோடு ஒரே நேர்கோடு. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். சென்னை பஸ்ஸில் ஏறினால் அந்த வழியாகத்தான் போகும், எங்கே நிறுத்துவார் என்று கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீர்ச் சறுக்கு, குளம், ரோலர் கோஸ்டர், பொடிசுகளுக்கான ராட்டினம் எல்லாம் உண்டு. வொண்டர்லாவின் பளபளப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. 2003-இல் தொடங்கிய இடம், வயசு தெரியும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு பளபளப்பா முக்கியம்? முழங்கால் ஆழத் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஆடினால் அதற்குப் போதும். காலையில் ஆற அமர ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்கு வீட்டில் இட்லி சாப்பிடலாம். ரோட்டில் போவது மொத்தம் ஐந்து மணி நேரம்தான், பிடதிக்கு அதில் இரண்டு மடங்கு.

விஜிபி, எம்ஜிஎம் இரண்டையும் ரைடுக்காக மட்டும் என்றால் நான் சேர்க்க மாட்டேன். கடலுக்காகவும் வயதானவர்களுக்காகவும் என்றால் சேர்ப்பேன். விஜிபி வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்ற கதை நம்ம அப்பா அம்மாக்களிடம் கட்டாயம் இருக்கும். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஆனால் ஈஞ்சம்பாக்கம் போக நகரத்தைக் கடந்தாக வேண்டும். எம்ஜிஎம் அப்படி இல்லை. செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம் என்று வெளியிலேயே சுற்றிப் போய்விடலாம். பக்கத்திலேயே முட்டுக்காடு படகுத்துறை, பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா. ராட்டினம் பிடிக்காத பெரியவர்கள் அங்கே நிழலில் பழைய செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகள் இங்கே ஆடலாம். மூன்று தலைமுறை ஒரே வண்டியில் கிளம்புகிற குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு.

எந்தப் பார்க்குக்குப் போனாலும் நேரத்தை விழுங்குகிற இடம் ஒன்று உண்டு: நீர் விளையாட்டுக்குப் போகும் வாசல். பருத்தித் துணியோடு உள்ளே விடமாட்டார்கள். பருத்தியிலிருந்து நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். பட்டனும் ஜிப்பும் சறுக்கைக் கீறும், பின்னால் வருபவரின் முதுகையும் கீறும். அதனால் அந்த விதி சரிதான். சுடிதாரோடு வந்த சித்திகளும் வேட்டியோடு வந்த மாமாக்களும் அங்கேயே துணி வாங்க வரிசையில் நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஊரிலேயே ஸ்போர்ட்ஸ் கடையில் நைலான் டீ ஷர்ட்டும் முழு நீள லெக்கிங்ஸும் வாங்கிவிடுங்கள். வெளிச் சாப்பாடும் பொதுவாக அனுமதி இல்லை. காஞ்சிபுரத்தில் வயிறார டிபன் சாப்பிட்டுவிட்டு நுழைவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் ரைடில் கூட்டம் அப்பும். நீங்கள் நேராகக் கடைசிக் கோடிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். பெரிய ரைடுகளை முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியுங்கள், அப்புறம் தண்ணீர். ஈர உடையோடு தரை ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி ஓடினால் உடை மாற்றவே பொழுது போய்விடும். அலைக்குளத்தில் குறித்த நேரங்களில்தான் அலை வரும், பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையைப் பார்த்து மிரளாமல் எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 20 பேர், சுற்றுக்கு நாலு நிமிஷம் என்றால் மணிக்கு 300 பேர். உங்களுக்கு முன்னால் 150 பேர் இருந்தால் அரை மணி நேரம். அதற்கு மேல் இருந்தால் விட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பிடப் போகும் ஒன்றரை மணிக்கு வாருங்கள். நீங்கள் பன்னிரண்டுக்கே சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். வரிசையைத் தாண்டிப் போகும் பாஸ்ட்டிராக் டிக்கெட்டுக்கு நல்ல காசு கூடுதல். வார நாளில் அது வீண். பொங்கல் லீவு, மே மாத ஞாயிறு என்றால் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள், மற்றவர்களுக்கு அவசியமில்லை. வார நாளில் நுழைவுக் கட்டணமே பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு கேட்க முடிந்தால், நான் மேலே போட்ட பன்னிரண்டு ரைடு கணக்கு தாராளமாக இருபதைத் தொடும்.

காலையில் ஏதோ காரணத்தால் கிளம்பத் தாமதமாகி, காஞ்சிபுரம் தாண்டும்போதே பதினொன்று ஆகிவிட்டதா? இள்ளலூரை விடுங்கள், நேராகக் குவீன்ஸ்லேண்டுக்கு ஓட்டுங்கள். வேலூரை விட்டே கிளம்பப் பத்தரை பதினொன்று ஆகிவிட்டால் டிக்கெட் காசை வீணாக்க வேண்டாம். வண்டியை ஏலகிரிக்குத் திருப்பி, புங்கனூர் ஏரியில் படகு விட்டுவிட்டு வாருங்கள். பார்க்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.