வீட்டுப் புத்தகங்களுக்கு ஒரு மின்பட்டியல்: ஹட்டனிலிருந்து நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டிலுள்ள புத்தகங்களைக் கணினியில் பட்டியலிட நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் என்பதையே. இலங்கையின் மலையகத்திலுள்ள ஹட்டனில் என் வீட்டு அலுமாரிகளுக்கான மின்பட்டியலைப் பல ஆண்டுகளாகப் பேணிவரும் அனுபவத்தில் நான் சொல்லும் விடை, லிப்ரேஆபிஸ் கல்க் போன்ற மென்பொருளில் அமைக்கும் சாதாரண விரிதாள் (நிரல்களும் வரிசைகளும் கொண்ட அட்டவணை) ஒன்றே போதும் என்பதாகும்.

கைபேசிச் செயலிகள் பின்னட்டையிலுள்ள பட்டைக்குறியைப் படித்து, ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் எண்ணைக் கொண்டு நூல் விபரங்களைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. அண்மைக்கால நூல்களுக்கு இது பெரும் வசதி. 2007 முதல் 13 இலக்கங்களாக வழங்கும் அந்த எண்ணில் 978ஐ அடுத்து 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு என்றும், 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு என்றும் பார்த்தவுடனே அறியலாம். ஆனால் நான் பெரிதும் போற்றிச் சேர்த்தவை தோட்டப் பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், ஆசிரியர்கள் சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைத் தொகுதிகள், 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டுகளைக் குறித்த ‘மலையகம் 200’ நினைவுகூரலையொட்டி வந்த சிறு வெளியீடுகள் ஆகியவைதாம். இவற்றுட் பலவற்றில் அந்த எண்ணே இல்லை. எப்படியும் கையால்தான் தட்டச்சிட வேண்டும் என்றான பின், பிறர் வகுத்த படிவத்தில் ஏன் தட்டச்சிட வேண்டும்? என் விரிதாளில் அச்சகம், அச்சிட்ட ஊர், வெளியீட்டுச் சந்தர்ப்பம், எந்தத் தோட்டத்தைப் பற்றியது என்ற நிரல்கள் உண்டு. தம் தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்டது ஏதேனும் உண்டா என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு இக்கடைசி நிரலே மிகுதியாக உதவியிருக்கிறது.

தமிழில் பட்டியலிடும்போது கவனிக்கவேண்டிய நுட்பங்கள் சில உள்ளன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல் கைவசம் இருந்தால், முதலில் அதனை எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிடின் தேடலுக்கு அது பயன்படாது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க யுனிகோட்டில் இடமுண்டு என்பதால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு ‘கொழும்பு’களுள் ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாமற் போகக்கூடும். அகரவரிசையும் இத்தகையதே. மலை, மறை, மனம் என்பதே நெடுங்கணக்கு முறை. யுனிகோட் எண்வரிசைப்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் இவை மனம், மறை, மலை என்று தலைகீழாக நிற்கும். மொழியைத் தமிழ் எனத் தெரிவுசெய்து அடுக்கும் வசதி இருக்கிறதா என்பதை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர் பெயருக்கு நான் இரண்டு நிரல்கள் வைத்திருக்கிறேன்: ஒன்று நூலில் அச்சாகியுள்ளபடி, மற்றது நான் நிலைப்படுத்திய வடிவில். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவரின் நூல்கள் இரு மொழிகளிலும் சிதறாமல் ஒரே இடத்தில் திரள்வதற்கு இரண்டாவது நிரல் இன்றியமையாதது. நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகுக்கும் தூயி (Dewey) பகுப்பை வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்; தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின்கீழ் வந்துவிடும்போது, தமிழ் நூல்களே நிறைந்த வீட்டில் அதனால் பெரிய பயனில்லை. அதற்குப் பதிலாக அலுமாரி, றாக்கை ஆகியவற்றின் எண்களையே குறிக்கிறேன். இலங்கைத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவில் சேர்த்துவைக்கும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் தளத்தில் ஒரு வெளியீடு ஏற்கெனவே மின்வடிவில் இருந்தால், அத்தளத்தில் அதற்கு இடப்பட்ட நூலக எண்ணையும் சேர்த்துவிடுகிறேன். இரவல் பெற்றவர், கொடுத்த திகதி என்பன வேறு தாளில் உள்ளன.

இங்குள்ள காலநிலை காரணமாக ‘நிலை’ என்றொரு நிரலும் தேவைப்படுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையின் ஈரம் சுவர்வழியே அலுமாரிக்குள்ளும் இறங்கிவிடுகிறது. பூஞ்சணம் கண்டவை, இராமபாணப் பூச்சி அரித்தவை எனக் குறித்துவைத்தால், சனவரியில் வெயில் வரும்போது அவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து நிழலில் காற்றாட விரித்துவைக்கலாம். மண்சரிவு எச்சரிக்கை அடிக்கடி விடுக்கப்படும் பிரதேசம் என்பதால், கோப்பின் பிரதியொன்றை வேறு ஊரிலுள்ள உறவினருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குவோர் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை. கடையில் மீண்டும் வாங்கக்கூடிய நூல்கள் காத்திருக்கலாம். ஐ.எஸ்.பி.என். எண் இல்லாத மெல்லிய வெளியீடுகளை முதலில் எடுத்து, அவற்றின் தலைப்புப் பக்கத்தையும் அச்சக விபரம் உள்ள பக்கத்தையும் ஒளிப்படம் பிடித்து, பதிவோடு இணைத்துவிடுங்கள்.