.380 பிஸ்டலுக்குத் தற்காப்புத் தோட்டா: பிராண்டை விட எரிச்சல் தரும் ஒரு விஷயம்

அமெரிக்காவில் ரூகர் எல்சிபி என்ற சின்ன .380 பிஸ்டலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தோட்டாவில் ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் 90 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாங்கலாமா, ஃபெடரல் ஹைட்ரா-ஷாக் டீப் 99 கிரெய்ன் வாங்கலாமா என்று கேட்டார். இரண்டுமே நல்ல சரக்கு. ஆனால் .380 ஏசிபி ரகத் தோட்டாவை நெடுநாள் பயன்படுத்தியவனுக்கு ஓயாத தலைவலி பிராண்ட் அல்ல. கேஸுக்குள், அதாவது தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள், முனையிலுள்ள குண்டு நழுவி இறங்குவதுதான்.

ராத்திரி சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலி செய்துவிட்டுக் காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். ஸ்லைடு முன்னால் பாயும்போது தோட்டாவின் மூக்கு, சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவான ஃபீட் ராம்பில் இடித்துத்தான் மேலே ஏறுகிறது. சின்னப் பிஸ்டலில் ஸ்பிரிங் விறைப்பு, ராம்ப் செங்குத்து, இடி பலம். கேஸ் வாய் குண்டைப் பிடித்திருக்கும் நீளமோ கொஞ்சம்தான். ஒவ்வொரு இடிக்கும் குண்டு மயிரிழை உள்ளே போகும். உள்ளே போனால் மருந்துக்கு இடம் குறையும், சுடும்போது அழுத்தம் எகிறும். .380-க்கு அமெரிக்கத் தோட்டாத் தரநிலை அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் உச்ச வரம்பு 21,500 பிஎஸ்ஐ. 9 மிமீக்கு அது 35,000. பத்து அவுன்ஸ்கூட இல்லாத பிஸ்டல் எந்த வரம்பை நம்பிக் கட்டப்பட்டது என்று யோசித்தால் போதும். இன்னொன்று: .380-க்கு '+பி' (கூடுதல் அழுத்தத் தோட்டா) என்ற தரநிலையே அந்த அமைப்பில் கிடையாது. பெட்டியில் '+பி' என்று போட்டிருந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் எந்த அளவுகோலும் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

கண்ணால் பார்த்து நழுவலைப் பிடிக்க முடியாது. பெட்டியைத் திறந்த அன்றே டிஜிட்டல் காலிப்பரில் நாலைந்து தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்து, பெட்டி மூடியிலேயே எழுதி வையுங்கள். தரநிலைப்படி அதிகபட்சம் 0.984 அங்குலம். ஹாலோ பாயின்ட்கள் (மூக்கில் குழி வைத்து, பட்டதும் விரியச் செய்த குண்டுகள்) அதைவிடக் குட்டையாகவே வரும், அதனால் உங்கள் பெட்டியின் எண்தான் கணக்கு. சேம்பரிலிருந்து எடுத்ததை வாரம் ஒருமுறை புதிய தோட்டா ஒன்றுடன் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்கேல் சாய்ந்தால் காலிப்பரை எடுங்கள். நூறில் ஒரு அங்குலம் குறைந்திருந்தால் நான் ஒதுக்கிவிடுவேன். அதைச் சுட்டுத் தீர்க்கவும் கூடாது, ரேஞ்சில் பழுதான தோட்டாவுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட வேண்டும்.

இதைத் தவிர்க்கிறேன் என்று சிலர் தோட்டாவைக் கையால் நேராக சேம்பரில் போட்டு ஸ்லைடை விடுகிறார்கள். அது அதைவிட மோசம். கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, தோட்டாவின் விளிம்புக்குக் கீழிருந்து வழுக்கி ஏறும்படிதான் பல பிஸ்டல்களில் அமைந்திருக்கிறது. விளிம்பைத் தாண்டிக் குதிக்கவைத்தால் கொக்கி தேயும், உடையும். சரியான வழி, பிஸ்டலை ஹோல்ஸ்டரோடு அப்படியே சின்ன லாக்கரில் பூட்டுவது. இறக்குவதும் இல்லை, ஏற்றுவதும் இல்லை, டிரிகரில் விரல் படும் சந்தர்ப்பமும் குறைகிறது. இறக்கியே ஆக வேண்டுமென்றால், எடுத்ததை மேகசினின் அடியில் போடுங்கள். ஒரே தோட்டா தினமும் அடி வாங்காது.

இனி தேர்வு. உடல் திசுவுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் பத்து சதவீத ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது எஃப்பிஐ எதிர்பார்ப்பு. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு உருவான அளவுகோல் அது. .380-க்குச் சங்கடமே இங்கேதான்: குண்டு நன்றாக விரிந்தால் 12-ஐத் தொடத் திணறும், விரியாவிட்டால் 18-ஐத் தாண்டி ஓடும். முழுக்க உலோக உறை போட்ட எஃப்எம்ஜே குண்டு விரியவே விரியாது. நேராகத் துளைத்துப் போகிறது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கவலை உங்களுடையது. கிரிட்டிகல் டிஃபென்ஸின் சிவப்பு பாலிமர் முனை, துணி குழிக்குள் அடைத்துக்கொள்ளாமல் காக்கிறது, ராம்பிலும் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. சின்னப் பிஸ்டலில் இந்தச் சுமுகமான ஏற்றம் பெரிய ஆறுதல். வெறும் ஹாலோ பாயின்டைப் பொதுவில் எடுத்துச் செல்வதற்குக் கெடுபிடி உள்ள நியூ ஜெர்சியிலும் இந்த நிரப்பிய முனைக்கு மதிப்பு. ஹைட்ரா-ஷாக் டீப் பெயருக்கேற்ப ஆழத்தைக் குறிவைத்துச் செய்தது. கனமான குண்டு, கூடுதல் ஊடுருவல். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். கிரிட்டிகல் டிஃபென்ஸுக்கு வினாடிக்கு 1,000 அடி என்பது 4 அங்குல சோதனைக் குழலில் அளந்தது. எல்சிபியின் குழல் 2.75 அங்குலம். அந்த வேகம் அதில் வராது.

எதை வாங்கினாலும் ஒரு பெட்டியை முழுதாக உங்கள் பிஸ்டலில் சுட்டுப் பாருங்கள், எல்லா மேகசினிலும் மாற்றி மாற்றி. ஒன்று சிக்கினாலும் முதலில் மேகசினை மாற்றிப் பாருங்கள், பிறகு தோட்டாவை.

நண்பருக்கு என் பதில்: கிரிட்டிகல் டிஃபென்ஸை இவ்வளவு பாராட்டினேன், ஆனாலும் இன்று காசு கொடுத்தால் 99 கிரெய்னைத்தான் எடுப்பேன். .380-இல் விரிவு ஒரு போனஸ், ஆழம்தான் அடிப்படை. இன்னும் பிஸ்டலே வாங்காதவர் என்றால் .380 பக்கமே போக வேண்டாம் என்பேன். 2018-இல் சிக் பி365 வந்த பிறகு, 3.1 அங்குலக் குழலில் 10+1 தோட்டா 9 மிமீயே இடுப்பில் மறைகிறது. எடை கூடும், பேண்ட் பைக்குள் போகாது. அது முடியாதவர்களுக்கு மட்டும் மேலே சொன்னதெல்லாம்.