மருந்துக்கடை ‘சேஃப்டி கிட்’: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

பயிருக்கு மருந்து அடிப்பவர்கள் அணிவதற்கென்று ‘சேஃப்டி கிட்’ என்ற பெயரில் ஒரு பொட்டலம் இப்போது பூச்சிமருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கடையில் அதை 750 ரூபாய்க்கு வாங்கினேன். தலைமூடியுடன் கூடிய வெள்ளை முழு உடுப்பு, ஒரு ஜோடி ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை ஆகியவை உள்ளே இருந்தன. மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்து அடித்த பருவம் முழுவதும் நானும், எங்களிடம் மருந்து அடிக்க வருபவரும் மாறி மாறி அணிந்து பார்த்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடுப்பும் கண்ணாடியும் ஓரளவு உதவுகின்றன. உயிரைக் காக்க வேண்டிய கையுறையும் முகக்கவசமும்தான் இந்தப் பொட்டலத்தில் மிக மோசமானவை. கிட்டத்தட்ட இதே பொருள்கள் பல பெயர்களில் விற்பனையாவதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் மருந்து அடித்தவர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போன நஞ்சு அது. அதன் பிறகுதான் கடைகளில் இந்தப் பொட்டலங்கள் கண்ணில் படத் தொடங்கின என்பது என் நினைவு. ஆகவே, இவை உண்மையில் எதைத் தடுக்கின்றன என்று பார்த்துவிட வேண்டியது அவசியம்.

அதற்கு ஒரு எளிய சோதனை செய்தோம். பேட்டரி ஸ்பிரேயரில் மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரை நிரப்பி, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் தாராளமாகக் கலந்து, இந்த உடுப்பை அணிந்துகொண்டு நெஞ்சளவு வளர்ந்த மக்காச்சோளத்தில் வழக்கம்போல் நடந்தோம். வெளியே வந்து பார்த்தபோது இரண்டு தொடைகளின் முன்பக்கமும் வயிறும் முழுவதும் நீலமாக இருந்தன. நாசிலிலிருந்து வந்த சாரல் நேரடியாக அவ்வளவு படவில்லை. அடித்து முடித்த ஈரத் தோகைகளுக்குள்ளேயே நாம் முன்னேறி நடப்பதால் அவை உரசிப் பூசியதுதான் பெரும்பகுதி. உடுப்பைக் கழற்றியபோது இன்னும் முக்கியமான ஒன்று தெரிந்தது. உள்ளே போட்டிருந்த பனியனில் முதுகின் அடிப்பகுதி நனைந்து நீலம் பிடித்திருந்தது. டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்ததால், குனியும்போதெல்லாம் தண்ணீர் கசிந்து முதுகோடு வழிந்திருக்கிறது. டேங்கின் பாரம் அழுத்திய இடத்தில் இந்தத் துணி ஈரத்தை உள்ளே விட்டுவிட்டது. முன்பக்க ஜிப் ஓரத்திலும், கால்கள் சேரும் இடத்துத் தையலிலும் சிறு புள்ளிகள் இருந்தன. தையல் ஓட்டைகளின் மேல் பட்டை ஒட்டாததே அதற்குக் காரணம்.

கால்கள் சேரும் இடத்தில் விழும் புள்ளியைச் சிறியதென்று விட்டுவிட முடியாது. உடலின் எல்லா இடத்துத் தோலும் நஞ்சை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. முன்கையை விடத் தலையும், தலையை விட இடுப்புக்குக் கீழ் மறைவிடத் தோலும் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் கசியும் டேங்கோடு ஒரு காலைப்பொழுது முழுவதும் நடப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை அந்தப் பனியனைப் பார்த்த பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். உடுப்பை நம்புவதற்கு முன்னால் மூடியின் வாஷரை மாற்ற வேண்டும், குழாய் இணைப்புகளை முறுக்க வேண்டும். வாஷரின் விலை ஒரு தேநீர் விலைதான். முதுகுக்கு ஒரு பிளாஸ்டிக் ஏப்ரனைத் திருப்பிக் கட்டிக்கொண்டு, அதன்மேல் டேங்கைச் சுமந்தபோது பனியன் நனையவில்லை. அந்த ஏப்ரன் கிட்டில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

கையுறைக்கு வருகிறேன். பாத்திரம் கழுவப் பயன்படும் வகையிலான, உள்ளே பஞ்சுத் துணி ஒட்டிய ரப்பர் கையுறைதான் கிட்டில் இருந்தது. மருந்து அடிக்கும் நேரத்தைவிட மருந்தைக் கலக்கும் சில நிமிடங்களே கைக்கு ஆபத்தானவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்று கலக்கப்படும் மருந்தில், கலக்காத ஒரு சொட்டு கையில் பட்டால் அது கலந்த தண்ணீரின் 500 சொட்டுக்குச் சமம். அதிலும் ‘ஈ.சி.’ என்று குறிப்பிட்ட திரவ மருந்துகளில் எண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கும். அது சாதாரண ரப்பரை ஊடுருவிவிடும். உள்ளே இருக்கும் பஞ்சு அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடுத்த நாளும் தோலோடு ஒட்ட வைத்திருக்கும். அப்படிப்பட்ட கையுறையை அணிவது, அணியாமலிருப்பதை விடவும் கெடுதலாக முடியலாம். உள் துணி இல்லாத, தடித்த, முழங்கை வரை நீளும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையே இதற்கு ஏற்றது. ஹார்டுவேர் கடையில் 250 ரூபாய் அளவில் எங்களுக்குக் கிடைத்தது. மருத்துவமனையில் பயன்படுத்தும் மெல்லிய நீலக் கையுறையும் நைட்ரைல்தான் என்றாலும், அது எளிதில் கிழிந்துவிடும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

அணியும் முறையையும் யாரும் சொல்லித் தருவதில்லை. கை கீழ்நோக்கி இருக்கும் வேலையில் சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் வழியும் மருந்து கையுறைக்குள்ளேயே போய்த் தேங்கும். மரப்பயிருக்குக் கையை உயர்த்தி அடிக்கும்போது இது தலைகீழாக மாறும். வேலை முடிந்ததும் கையுறையைக் கையில் அணிந்தபடியே சோப்புப் போட்டுக் கழுவி, அதன் பிறகே கழற்ற வேண்டும்.

முகக்கவசம் வெறும் தூசி தடுப்பான். பெரிய துளிகள் மூக்கிலும் வாயிலும் நேரடியாகப் படாமல் அது தடுக்கும். ஆவியைத் தடுக்காது. மருந்தின் நெடி நன்றாகத் தெரிந்துகொண்டே இருந்தது. நெடி உள்ள மருந்துக்கு, கரி நிரப்பிய வடிகலன் இரண்டு பக்கமும் பொருத்தப்பட்ட ரப்பர் அரைமுகக் கவசம் தேவை. அது ஏறக்குறைய 1,200 ரூபாய் ஆகிறது. தாடி இருந்தால் முகத்தோடு சரியாகப் பொருந்தாது. வேலை முடிந்ததும் வடிகலனைக் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்க வேண்டும். திறந்து வைத்தால் கரி தன் பாட்டுக்குக் காற்றிலிருந்து உறிஞ்சித் தீர்ந்துபோகும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பரவலான பழக்கம். துண்டு நனைந்ததும் மருந்தை மூக்கோடும் வாயோடும் ஒட்டி வைத்திருக்கும். அதே துண்டால் வியர்வையையும் துடைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் கிட்டில் உள்ள கவசம் மேல் என்று மட்டும் சொல்லலாம்.

கண்ணாடி பரவாயில்லை. காற்றோட்டத் துளை போதாமல் மூச்சில் மங்கிவிடுகிறது என்றாலும், மருந்து கலக்கும்போது தெறிப்பதைத் தடுக்கிறது. செருப்பு மேல் உறை கரிசல் கட்டியில் சில அடி நடப்பதற்குள் கிழிந்தது. கம் பூட்ஸ் வாங்கி, கால்சட்டையை அதற்கு வெளியே விட்டுக்கொள்வதே வழி.

இந்த உடுப்பின் மிகப் பெரிய குறை வெப்பம். “இதப் போட்டுக்கிட்டு பத்து மணிக்கு மேல நிக்க முடியலைங்க, உள்ளுக்குள்ள வேகுது” என்று எங்களிடம் வருபவர் சொன்னது முற்றிலும் நியாயம். பகலில் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்வது ஒருவரை வெயிலுக்குப் பலியிடுவது ஆகும். எனவே வேலை நேரத்தை மாற்றினோம். பனி உலர்ந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மாலையில் அடித்தோம். படைப்புழு வெயில் நேரத்தில் குருத்துக்குள் பதுங்கியிருப்பதால் மாலையில் அடிப்பது பயிருக்கும் நல்லது. நாசிலைக் குருத்துக்கு அருகில் வைத்து, அங்கு மட்டும் படும்படி அடித்ததில் தண்ணீரும் குறைந்தது, உடம்பில் படுவதும் குறைந்தது. காற்று குறுக்கே வீசும்படி நின்று, காற்று போகும் பக்கம் மட்டுமே கையை வீசினால் தொடையில் படும் நீலம் கண்கூடாகக் குறைகிறது.

தினமும் பல காடுகளுக்குப் போய் அடிப்பவருக்கு, ஒரு கூலியாளுக்கு, இந்த நேரமாற்றம் எளிதல்ல. பல ஊர்களில் கூலி டேங்குக் கணக்கில் தரப்படுகிறது. எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறாரோ அவ்வளவு வருமானம். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. ஒருமுறை குறைந்த நொதி பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மறுபடியும் மறுபடியும் மருந்து பட்டால் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் மட்டும் தன் காட்டுக்கு அடிக்கும் உரிமையாளரைவிட இவருக்குத்தான் நல்ல உபகரணம் வேண்டும். அதை வாங்கித் தரவேண்டியவர் நிலத்துக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிட்டோடு வந்த தாளில் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. தமிழ்நாட்டில் விற்கும் பொருளில் தமிழ் இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. மருந்துப் புட்டியின் முக்கோணத்தில் சிவப்பு இருந்தால் அதிநஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது என்பதை அந்தத் தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கலாம். ஒரே புழுவுக்குப் பச்சை முக்கோண மருந்து கிடைக்கும்போது மஞ்சளை எடுக்காமலிருப்பது எந்த உடுப்பையும்விடப் பெரிய பாதுகாப்பு. அளவுக் குவளையும் கிட்டில் இல்லை. படைப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (தண்ணீரில் கரையும் குருணை) மருந்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் என்று பரிந்துரைக்கிறார்கள். ஆனால் பேட்டரி ஸ்பிரேயரின் டேங்க் பெரும்பாலும் 16 லிட்டர். அதற்கு 6.4 கிராம் என்று கணக்குப் போட்டு அளக்க ஒரு சிறு கரண்டி இல்லாததால்தான் பலர் மூடிக் கணக்கில் கொட்டுகிறார்கள்.

நச்சு ஏறியதன் அடையாளங்களைச் சொல்லாதது அந்தத் தாளின் மற்றொரு பெரிய குறை. தலைசுற்றலும் அதிக வியர்வையும் வெயிலாலும் வரும், மருந்தாலும் வரும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, வாந்தி, தசைத் துடிப்பு ஆகியவை சேர்ந்தால் ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு என்று சந்தேகிக்க வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் உடனே வேலையை நிறுத்தி, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவி, 108ஐ அழைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அட்ரோபின் போன்ற முறிவு மருந்தை மருத்துவர் தாமதமின்றித் தொடங்குவதற்கு, அடித்த பூச்சிமருந்தின் பெயர் உள்ள புட்டியையோ லேபிளையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

பெங்களூரில் உள்ள இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனமும் ஒரு தனியார் நிறுவனமும் உருவாக்கிய ‘கிசான் கவச்’ உடுப்பை மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. துணியில் பட்ட மருந்தை வேதிமுறையில் செயலிழக்கச் செய்யும் பருத்தித் துணி அது. துவைத்து ஓராண்டு வரை பயன்படுத்தலாம் என்றும், விலை 4,000 ரூபாய் என்றும் அப்போது அறிவித்தார்கள். அதை நான் அணிந்து பார்க்கவில்லை என்பதால் தரம் பற்றிப் பேசமாட்டேன். ஆனால் எங்கள் வெயிலில் பருத்தித் துணியை யோசித்திருப்பது சரியான திசை.

இந்தக் கிட்டை அப்படியே வாங்கும்படி யாருக்கும் நான் சொல்லமாட்டேன். 750 ரூபாயில் தொடங்குபவர் முதலில் நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன், டேங்க் வாஷர் ஆகியவற்றை வாங்கட்டும். மிச்சத்தில் ஒரு முகத்திரையோ கண்ணாடியோ வாங்கலாம். பழைய முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் மருந்து அடிப்பதற்கென்றே தனியாக இருக்கட்டும். அவற்றை வீட்டுத் துணியோடு சேர்க்காமல், அணிந்தவரே முதலில் அலசிவிட்டுத் தனி வாளியில் துவைக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் வெறுங்கையால் அதைக் கசக்கும் நிலை வரக் கூடாது. அடுத்த வரவு வந்ததும் கம் பூட்ஸும், அதன் பிறகு வடிகலன் கவசமும் வாங்கலாம். நாங்கள் இந்த வரிசையில்தான் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாங்கினோம். அவரவர் கை அளவுக்குப் பொருந்தும் கையுறையைக் கடையிலேயே போட்டுப் பார்த்துத்தான் எடுத்தோம்.