நீரியல் ஆராய்ச்சி: ஆய்வகத் தொட்டியா, ஆற்றங்கரையா?

பிப்ரவரியில் முதுகலைக்குச் சேர்ந்த இரண்டு தம்பிகள் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் திருச்சிக்காரர், இன்னொருவர் இங்கேயே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஃபீனிக்ஸில் பிறந்து வளர்ந்தவர். "அண்ணா, லேப் எடுக்கலாமா, ஃபீல்டு எடுக்கலாமா?" மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே குழப்பத்தில்தான் நானும் இருந்தேன். கடைசியில் ஆற்றை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே எடுப்பேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, பயண நேரம், வெயில், மழை இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லேப் நிழல், ஆறு வெயில். அதோடு விட்டுவிடலாம்.

லேப்பின் பெரிய பலம், வெள்ளத்தை நாம் நினைத்தபோது வரவழைக்கலாம் என்பது. வினாடிக்கு 1,000 கன மீட்டர் ஓடும் வெள்ளத்தை 25-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால், மாதிரியின் ஓட்டத்தை உண்மை ஓட்டத்தோடு இணைக்கும் ஃப்ரூட் விதிப்படி வேகம் ஐந்தில் ஒன்றாகும், நீரளவு 3,125-ல் ஒன்றாகும். அதாவது வினாடிக்கு 320 லிட்டர். 50-ல் ஒரு பங்கு என்றால் 57 லிட்டர் போதும். காலையில் ஒருமுறை, கலிங்கின் வடிவத்தை மாற்றிவிட்டு மாலையில் ஒருமுறை என்று அதே வெள்ளத்தை ஓட்டிப் பார்க்கலாம். எந்த ஆறும் அந்த வாய்ப்பைத் தராது. அணையின் உபரிநீர் வழி, பாலத்தின் தூண், மதகு இவற்றில் ஆர்வம் உள்ளவர்கள் யோசிக்காமல் லேப்புக்குப் போகலாம்.

நான் அங்கே இருந்தது ஆறே வாரம். ஆகவே லேப்பைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரத்தில் என்னைத் தடுத்தவை இரண்டு. ஒன்று மின்வெட்டு. பம்ப் நின்றால் தொட்டியில் ஓட்டம் மறுபடி நிலைகொள்ளக் காத்திருக்க வேண்டும். அடுத்த மின்வெட்டு வருவதற்குள் எடுத்த அளவுகளில் பாதி வீணாகும். இன்னொன்று மணல். அரை மில்லிமீட்டர் ஆற்று மணலை 25-ல் ஒன்றாகச் சுருக்கினால் 0.02 மில்லிமீட்டர் வண்டலாகிவிடும். அது மணல்போல் உருளாது, ஒட்டிக்கொள்ளும். அதனால் எடை குறைந்த நிலக்கரித் துகளையோ பிளாஸ்டிக் மணியையோ போட்டுச் சமாளிக்கிறார்கள். அது திறமையான வழிதான். ஆனால் நான் படிக்க வந்ததே மணலைப் பற்றி.

இனி ஆறு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் உம்லாத்துசானா ஆற்றில் வந்து சேரும் ஒரு சிற்றோடையில், பழைய க்ரம்ப் வீயர் ஒன்றின் மேல் வேலை செய்தேன். நீரோட்டத்தை அளப்பதற்காக ஓடையின் குறுக்கே கட்டிய தாழ்வான கான்கிரீட் தடுப்பு அது. மேல்பக்கம் 1-க்கு 2 சரிவு, கீழ்ப்பக்கம் 1-க்கு 5. விளிம்புக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால், அகலம் × உயரத்தின் 1.5-ஆம் அடுக்கு × 1.96 என்று நீரளவுக் கணக்கு முடிந்துவிடும். புத்தகத்தில் அரைப் பக்கம்.

என் தேர்வு சரிதான் என்று தெரிந்தது இந்த அரைப் பக்கத்தில்தான். காரணம் பராமரிப்பு.

அந்தச் சூத்திரத்தில் உயரம் என்பது அளவுகோல் பலகையில் தெரியும் உயரம் மட்டுமல்ல. தடுப்பை நோக்கி நீர் வரும் வேகத்தின் பங்கையும் அதோடு கூட்ட வேண்டும். என் வீயரின் விளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம். பலகை 1 மீட்டர் காட்டும்போது, தடுப்பின் மேல்பக்கம் நீர் தேங்கும் குளம் சுத்தமாக இருந்தால் நீர் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் வரும். அதற்காகக் கூட்ட வேண்டியது 5 சென்டிமீட்டர். அதே குளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மண் நிரம்பியிருந்தால் நீருக்கு இடம் குறைந்து வேகம் 1.8 மீட்டருக்குப் போகும். அப்போது கூட்ட வேண்டியது 16 சென்டிமீட்டருக்கு மேல். பலகை அதே 1 மீட்டரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், ஓடுகிற நீரோ 17 சதவீதம் கூடுதல். மண் வாராத வருஷங்களின் பதிவையும் வாரிய வருஷங்களின் பதிவையும் ஒரே அட்டவணையில் வைத்து, "மழை மாறிவிட்டது" என்று ஒருவர் கட்டுரை எழுதினால் அது மழையின் கதையா, மண்ணின் கதையா?

முதல் மழைக்காலம் முழுக்க இது எனக்குத் தெரியவில்லை. நவம்பரில் நீரின் வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டரோடு ஓடையில் இறங்கி, 20 இடங்களில், ஆழத்தில் 0.6 பங்கு கீழே வைத்து அளந்தேன். வீயர் கணக்கைவிட என் கணக்கு ஒவ்வொரு முறையும் கூடவே வந்தது. என் கையில்தான் பிழை என்று இரண்டு மாதம் நம்பினேன். ஜனவரியில் ஒரு கம்பியைக் குளத்தில் குத்திப் பார்த்தபோது முழங்கால் ஆழத்துக்குக் கீழே சேறு. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டேன். இரண்டும் பொருந்தின. அன்று வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

லேப்பிலும் பராமரிப்பு உண்டு, ஆனால் அதை டெக்னீஷியன் பார்த்துக்கொள்வார். நமக்குக் கிடைப்பது துடைத்து வைத்த தொட்டி. ஆற்றிலோ மண் வாருவது, நீர்மட்டக் கிணற்றுக்குப் போகும் குழாயில் அடைத்த பிளாஸ்டிக்கை இழுப்பது, பலகையில் பாசியைத் தேய்ப்பது எல்லாம் நம் தலையில். ஓர் அளவு எங்கே எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை அந்த வேலைதான் கற்றுத்தருகிறது. நாளைக்கு எந்த ஆற்றின் பதிவு கையில் வந்தாலும், இந்த வீயரின் மண்ணைக் கடைசியாக எப்போது வாரினார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆற்றங்கரை தரும் இன்னொரு செல்வம் மனிதர்கள். பெருவெள்ளத்தில் வீயர் மூழ்கிவிடும், எந்தப் பதிவும் மிஞ்சாது. 2022 ஏப்ரலில் டர்பனில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, 400 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த வெள்ளத்துக்கு என் ஓடையில் இருந்த ஒரே சாட்சி ஒரு கார் ஷெட்டின் சுவரில் இருந்த சேற்றுக்கோடு. வீட்டுக்கார அக்கா வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார். அதுபோல மூன்று கோடுகளை லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து இணைத்துச் சரிவு கண்டு, சரிவிலிருந்தும் சொரசொரப்பிலிருந்தும் நீரளவைக் கணிக்கும் மானிங் சூத்திரத்தில் போட்டேன். கரையின் சொரசொரப்பு எண்ணை 0.05 என்று வைப்பதற்கும் 0.035 என்று வைப்பதற்கும் நடுவில் நீரளவு 43 சதவீதம் மாறுகிறது. ஆகவே என் வெள்ளக் கணக்கை ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன், ஒரு வரம்பாகத்தான் சொல்வேன்.

நான் தங்கியிருந்த வீட்டு ஆயா ஸ்பிரிங்ஃபீல்டின் டின் டவுனில் வாழ்ந்தவர். 1976 மார்ச்சில் உம்கேனி ஆறு வந்து தகர வீடுகளை எடுத்துக்கொண்டு போனதைச் சொல்வார். "தண்ணிக்கு முந்தி சத்தம் வந்துச்சு தம்பி. எனக்கு இடுப்பு மட்டும், எங்கம்மாவுக்கு மாரு மட்டும்." அதே சமவெளியில் 1917 அக்டோபர் வெள்ளத்தில், படவட்டன் அறுவர் என்று இன்றும் போற்றப்படும் மீனவர்கள் படகு செலுத்தி 176 பேரைக் காப்பாற்றினார்கள். உம்பிலோ ஆற்றின் கரையில் நம்மவர்கள் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கிய நம் ஆட்களில் பலருக்கு ஆற்றோரத் தாழ்நிலம்தான் கிடைத்தது. வெள்ளத்தின் வரலாறு பல இடங்களில் தமிழ் வீடுகளில் இருப்பது அதனால்தான். அந்தக் கதைகளை அப்படியே எண்ணாக்கிவிட முடியாது, நிலமே உயர்த்தப்பட்டு மாறிவிட்டது. ஆனால் எந்த வருஷ வெள்ளம் எதைவிடப் பெரியது என்ற வரிசை அவற்றிலிருந்து கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. என் பேட்டரியும் உணர்கருவியும் ஒருமுறை திருட்டுப் போயின, ஐந்து வார அளவு போயிற்று. கழிவுநீர் கலக்கும் ஓடை என்பதால் ரப்பர் கால்சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது, கையில் சின்னக் காயம் இருந்தாலும் இறங்கக் கூடாது. என் இரண்டு மழைக்காலத்திலும் பெரிய வெள்ளம் வரவில்லை. வந்திருந்தால் இதைவிட வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. கணினியில் ஆற்றோட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளை மட்டும் வைத்து முடிக்கலாமே என்றும் தம்பிகள் கேட்டார்கள். இலவசமான, அருமையான கருவிதான். ஆனால் அதற்குள் போடும் எண்ணுக்கு யாராவது ஒருவர் தொட்டியிலோ ஆற்றிலோ நின்றிருக்க வேண்டும்.

ஆற்றை எடுப்பவர்கள் நாட்களைக் கவனியுங்கள். இங்கே மழை அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை. பிப்ரவரியில் சேர்ந்தவுடன் இடம் தேடினாலும் அந்த மழைக்காலம் கைநழுவிவிடும். மே, ஜூனில் ஓடை வற்றிக் கிடக்கும்போதே இடத்தைத் தேர்ந்து, குறுக்குவெட்டு அளந்து, ஆகஸ்டில் மண்ணை வாரிவிடுங்கள். என் வீயரை இந்த ஆகஸ்டில் வாருகிறோம், இரண்டு தம்பிகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். மண்வெட்டி நான்கு இருக்கிறது.